பிறவியிலேயே கீழுதடு ஒரு பக்கம் இறங்காதவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் படம் எல்லாம் எடுப்போம். பிறந்ததிலிருந்தே என் கீழுதட்டின் இடது பாதி கீழே இறங்காது. 31 வயதில் அதற்காகச் சின்னதாக ஓர் ஆபரேஷன் செய்துகொண்டேன்; இப்போது வயது 36. என் பழைய படங்களைக் கடைச் சுவரில் பார்த்துவிட்டு யாராவது ஒருவர், பெரும்பாலும் கைக்குழந்தையோடு வரும் ஒரு தாய், தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். நான் மருத்துவன் இல்லை. டாக்டர்களிடம் கேட்டது, படித்தது, என் வாயிலேயே பார்த்தது, அவ்வளவுதான். உங்களுக்கு எது பொருந்தும் என்பதை உங்களைப் பார்க்கிற மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குழந்தை தூங்கும்போது முகம் லட்சணமாக இருக்கிறது. அழுதால் மட்டும் வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது. இது என்ன?

கீழுதட்டைக் கீழே இழுப்பதற்கென்றே பக்கத்துக்கு இரண்டு சிறிய தசைகள் இருக்கின்றன. ஒன்று உதட்டையே கீழேயும் வெளியேயும் இழுக்கும். டிப்ரஸர் லேபி இன்ஃபீரியோரிஸ் என்று பெயர். இன்னொன்று வாயின் ஓரத்தைக் கீழே இறக்கும். அது டிப்ரஸர் ஆங்குலி ஓரிஸ். ஒரு பக்கத்தில் இவற்றில் ஒன்றோ இரண்டுமோ சரியாக வளராமல் போனால், அல்லது இவற்றுக்கு வரும் நரம்புக்கிளை வேலை செய்யாவிட்டால், அந்தப் பக்க உதடு அசையாமல் நின்றுவிடும். மறுபக்கம் வழக்கம்போல இறங்கும். அழுகை, வாய்விட்டுச் சிரிப்பது, பல் தெரிய 'ஈ' என்பது, இந்த மூன்றிலும்தான் வித்தியாசம் தெரியும். வாயை மூடி உட்கார்ந்திருந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பாஸ்போர்ட் படம் எடுக்கும்போது எனக்கு ஒரு நாளும் பிரச்சினை வந்ததில்லை. கல்யாண ஆல்பத்தில்தான் வரும்.

இது அபூர்வமும் இல்லை. 1000 குழந்தைகள் பிறந்தால் 3 முதல் 8 பேருக்கு ஏதோ ஓரளவில் இருக்கும் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இடது பக்கம்தான் அதிகம். காதுகுத்து வீடியோ எடுத்து எடுத்து எனக்கே கண் பழகிவிட்டது. ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிடும். அந்த நொடியில் கேமராவுக்குள் தெரிந்துவிடும். விசேஷ வீட்டில் நான் வாயைத் திறப்பதில்லை. படம் வாங்க வரும்போது பக்குவமாகச் சொல்வேன்.

எந்தப் பக்கம் கெட்டுப்போயிருக்கிறது?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பாகத்தான் சொல்வார்கள். அழும்போது இழுத்துக்கொண்டு கீழே போகிற பக்கத்தைக் காட்டி, "இந்தப் பக்கம் கோணுது" என்பார்கள். அதுதான் நல்ல பக்கம்! அசையாமல், வாய் மூடியிருப்பது போலவே சமர்த்தாக இருக்கிறதே, அதுதான் தசை இல்லாத பக்கம். இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போகிற சிகிச்சை விஷயம் எல்லாம் இதைப் புரிந்துகொண்டால்தான் பிடிபடும்.

பெரியவர்களுக்கு இன்னொரு குழப்பம் உண்டு, செல்ஃபி. பல போன்கள் செல்ஃபியை இடம் வலம் மாற்றிக் காட்டும். என்னிடம் வந்த ஒரு காலேஜ் பையன், தனக்கு வலது பக்கம்தான் குறை என்று சத்தியம் செய்தான். எதிரே நின்று நான் எடுத்த படத்தைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டான். டாக்டரிடம் போகும்போது வேறு ஒருவர் எதிரே நின்று எடுத்த வீடியோவைக் கொண்டு போங்கள்.

கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

இல்லை. கிரகணமும் காரணமில்லை, நீங்கள் அரிவாள்மனையில் காய் நறுக்கியதும் காரணமில்லை. கரு வளரும்போது தசை உருவாகவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். சிலருக்கு வயிற்றுக்குள்ளோ பிரசவத்தின்போதோ தாடை ஓரத்தில் நரம்பு அழுந்தியதால் வந்திருக்கலாம். என் அப்பத்தா சாகும்வரை என் அம்மாவைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கேள்விக்கு நான் கோபமில்லாமல் பதில் சொல்வதே பெரிய விஷயம்.

வாய்க்காகப் போனோம், டாக்டர் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னார். பயமாக இருக்கிறது.

எடுத்துவிடுங்கள். பயமுறுத்தவோ பணம் பிடுங்கவோ சொன்னது இல்லை. அழும்போது மட்டும் முகம் கோணுகிற குழந்தைகளில் சிலருக்குப் பிறவி இதயக் கோளாறும் சேர்ந்து இருப்பதை 1969-இல் கெய்லர் என்ற அமெரிக்க மருத்துவர் விளக்கி எழுதினார். இன்றும் கெய்லர் சிண்ட்ரோம் என்ற பெயர் புழக்கத்தில் இருக்கிறது. அவர்களில் சிலருக்கு 22-ஆவது குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டிருக்கும். இதயம் தவிர காது, முதுகெலும்பு, சிறுநீரகம் ஆகியவற்றையும் டாக்டர் ஒரு பார்வை பார்ப்பார். பெரும்பாலான குழந்தைகளுக்கு உதட்டைத் தவிர வேறு எதுவும் இருக்காது. ஆனால் இருக்கிற சில பேரைக் கண்டுபிடிப்பதற்கு உதடு ஒரு துப்பு.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். உதட்டுக்கு அவசரமே கிடையாது, பத்து வருடம்கூடத் தள்ளிப் போடலாம். எக்கோவைத் தள்ளிப் போடக் கூடாது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மூன்று மாதக் குழந்தைக்குப் பிளாஸ்டிக் சர்ஜன் தேடி அலைவார்கள், எக்கோ சீட்டு பையிலேயே மடங்கிக் கிடக்கும்.

முகவாதமும் இதுவும் ஒன்றா?

இல்லை. முகநரம்பு முழுதும் பாதிக்கப்பட்டால் அந்தப் பக்கத்துக் கண் மூடாது, நெற்றி சுருங்காது, கன்னத்துக் கோடும் மறைந்துவிடும். நம் விஷயத்தில் கண் நன்றாக மூடும், நெற்றி சுருங்கும், பால் குடிப்பதிலும் பெரிதாகச் சிக்கல் வராது. கீழுதடு ஒன்றுதான். குழந்தை அழும்போது கண்ணைப் பாருங்கள். இரண்டும் இறுக்கி மூடினால் பாதிக் கவலை போய்விடும்.

எங்கள் அப்பாவுக்கு நேற்றுவரை நன்றாக இருந்தது. இன்று காலையில் வாய் கோணிவிட்டது.

இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். பக்கவாதமாக இருந்தால் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன்.

தானாகச் சரியாகிவிடுமா? எண்ணெய் தேய்ப்பது, கரண்ட் வைப்பது?

நரம்பு அழுந்தியதால் வந்தது என்றால் சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் தேறிவிடும். தசையே இல்லையென்றால் தேறாது. ஆனால் வளர வளர அழுகை குறைகிறதே, அதனால் பார்ப்பவர்களுக்குச் சரியானது போலத் தெரியும். எந்த வகை என்று தெரிந்துகொள்ள டாக்டர் உதட்டோரத்தை விரலால் பிடித்துப் பார்ப்பார். மெலிந்திருப்பது கைக்கே தெரியும். தசையின் தடிமனை அல்ட்ராசவுண்டில் அளக்கலாம். தேவைப்பட்டால் தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனையும் உண்டு.

கரண்ட் கதையை என்னிடம் கேளுங்கள். பத்தாம் வகுப்பு முடித்த லீவில் ஓர் இடத்தில் எனக்கு இரண்டு மாதம் தாடையில் கரண்ட் வைத்தார்கள். இல்லாத தசைக்குக் கரண்ட் கொடுப்பது ஊர் பேர் தெரியாதவனுக்கு மணியார்டர் அனுப்புவது போல. போன பணம் போனதுதான். கண்ணாடி முன்னால் நின்று, கீழ்ப்பல் தெரியாமல் சிரிக்கப் பழகுவது மட்டும் உண்மையிலேயே உதவும். செலவும் இல்லை. பலர் யாரும் சொல்லாமலே அதைப் பழகியிருப்பார்கள்.

அப்படியென்றால் ஆபரேஷன் கட்டாயமா?

துளியும் இல்லை. சாப்பிட, பேச, மூச்சு விட இதனால் தடை கிடையாது. சிரிப்பு மட்டும்தான். அந்தச் சிரிப்பு உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். அத்தையோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்ல முடியாது.

நரம்பை இணைத்துச் சரிசெய்ய முடியாதா?

விபத்தில் வெட்டுப்பட்டதாக இருந்து, உடனே வந்தால் இணைத்துப் பார்க்கலாம். பிறவியில் வந்ததற்குப் பொருந்தாது. பல்பே இல்லாத இடத்துக்கு வயர் இழுத்து என்ன பிரயோசனம்?

போடாக்ஸ் ஊசி என்கிறார்களே, அது நடிகைகள் சுருக்கத்துக்குப் போடுவதல்லவா?

அதே மருந்துதான், பொட்டுலினம் டாக்ஸின். மிகக் குறைந்த அளவில் தசைக்குள் போட்டால் அந்தத் தசை கொஞ்ச காலம் தளர்ந்து கிடக்கும். போடுவது நல்ல பக்கத்தில்! அந்தப் பக்கத்து உதடு இறங்குவது குறையும். இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். மூன்று நான்கு நாளில் வேலை தொடங்கும், இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் கரைந்துவிடும்.

இந்தத் தற்காலிகம்தான் இதன் பெருமை என்று நினைக்கிறேன். கல்யாணத்துக்கு முன் சேலையைத் தோளில் போட்டுப் பார்ப்பதில்லையா, அதுபோல. ஆபரேஷன் செய்தால் முகம் எப்படி இருக்கும் என்பதை மூன்று மாதம் வாழ்ந்து பார்த்துவிடலாம். பிடிக்கவில்லையா, காத்திருந்தால் பழையபடி ஆகிவிடும். நான் இரண்டு முறை போட்டுக்கொண்டேன். முதல் முறை மருந்து கொஞ்சம் அதிகம் தளர்த்திவிட்டதோ என்னவோ, பத்து நாள் 'ப', 'ம' சொல்லும்போது உதடு சோம்பேறித்தனம் காட்டியது; காபி ஒரு பக்கமாக வழிந்தது. இரண்டாம் முறை அளவைக் குறைத்தார்கள், சரியாக இருந்தது. அதன் பிறகுதான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன். ஊசியைப் போட்டுப் பார்க்காமல் யாரும் நேரே ஆபரேஷனுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. குறைந்தபட்சம், மரத்துப்போகும் ஊசியை அந்தத் தசையில் போட்டு ஒரு மணி நேரமாவது கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்து காட்டும் சர்ஜன்கள் இருக்கிறார்கள்.

நல்லா இருக்கிற பக்கத்தில் ஏன் கத்தி வைக்க வேண்டும்?

என் அம்மா கேட்டது இதே கேள்வி. "ஏய்யா, நல்லா இருக்குற பக்கத்துல எதுக்குக் கத்தி வைக்கிறாக? நொண்டிக் காலைச் சரி பண்ணச் சொன்னா நல்ல காலையும் ஒடிப்பாகளா?" அம்மா அன்றைக்கு விடவே இல்லை. டாக்டர் சிரித்துவிட்டு, "அம்மா, காலுன்னா நடக்கணும். இது நடக்க வேண்டிய உறுப்பு இல்ல. ரெண்டும் ஒரே மாதிரி நிக்கணும், அவ்வளவுதான்" என்றார். அதற்கு மேல் நல்ல விளக்கம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

செய்வது இதுதான். கீழுதட்டின் உள்பக்கம், எச்சில் படும் தோலில், ஒரு சிறிய கீறல். வெளியே தழும்பு தெரியாது. உதட்டைக் கீழே இழுக்கும் தசையின் நார்களைத் தேடி எடுத்து, ஒரு துண்டை வெட்டி நீக்கிவிடுவார்கள். வெறுமனே குறுக்கே வெட்டி மட்டும் விட்டால் நார்கள் மறுபடி ஒட்டிக்கொண்டு பழைய இழுப்பு திரும்பிவிடலாம். அதனால்தான் துண்டாகவே எடுப்பது. தையல் தானாகக் கரையும். பெரியவர்களுக்கு மரத்துப்போகும் ஊசியிலேயே செய்யலாம், குழந்தைகளுக்கு முழு மயக்கம் வேண்டும்.

இதில் ஒரு விலை உண்டு. அதை யாரும் மூடி மறைக்கக் கூடாது. ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு பக்கமும் இறங்காது. கீழ்ப்பல் தெரிய, தொண்டை தெரிய ஓஹோவென்று சிரிக்கும் சிரிப்பு உங்களுக்கு இனி கிடையாது. மேல்பல் தெரியும் சிரிப்புதான். பெரும்பாலானவர்களின் சாதாரணச் சிரிப்பே அதுதான் என்பதால் பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உங்களுக்குத் தெரியும். வடிவேலு காமெடி பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கும்போது உதடு பாதி வழியில் நின்றுவிடுவது எனக்கு முதல் ஆறு மாதம் வினோதமாகவே இருந்தது.

இன்னொன்று. கத்தி வைக்கப்போவது எல்லோரும் நல்லது என்று சொல்லும் பக்கத்தில் என்பதால், எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் வரவே கூடாது. மரக்கடிக்கும் முன்பே சிரிக்கச் சொல்லி, தோலில் பேனாவால் குறி போடுவார்கள். போடாவிட்டால் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம்.

வேலை செய்யாத பக்கத்தையே வேலை செய்ய வைக்கும் வழி இல்லையா?

இருக்கிறது, ஆனால் பெரிய ஆபரேஷன். முகவாய்க்கட்டைக்குக் கீழே டைகாஸ்ட்ரிக் என்ற தசை இருக்கிறது, வாயைத் திறக்க உதவுவது. அதன் முன்பாதியை அதற்குரிய நரம்போடும் இரத்தக்குழாயோடும் வைத்துக்கொண்டு, பின்பக்கத் தசைநாணை மட்டும் வெட்டித் திருப்பி உதட்டில் கொண்டுபோய்த் தைப்பார்கள். அந்தத் தசைக்கு வருவது முகநரம்பு கிடையாது, தாடைக்கு வரும் ஐந்தாம் நரம்பின் கிளை. அதனால் முகநரம்பில் குறை இருந்தாலும் இது வேலை செய்யும். ஆனால் வாய் திறக்கும் தசையைச் சிரிக்கும் தசையாக மூளை பழக வேண்டும். கண்ணாடி முன் மாதக்கணக்கில் பயிற்சி தேவை. தாடைக்குக் கீழே ஒரு தழும்பும் இருக்கும்.

கழுத்துத் தோலை ஒட்டியிருக்கும் பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசையை மேலே திருப்பி உதட்டோடு இணைப்பது இன்னொரு முறை. அந்தத் தசை அந்தப் பக்கத்தில் நன்றாக இருந்தால்தான் ஆகும். பல்லைக் கடித்துக் கழுத்தை இறுக்கினால் வரிவரியாகத் தெரிகிறதா என்று டாக்டர் பார்ப்பது அதற்காகத்தான்.

தொடையிலிருந்து வெண்மையான சவ்வுப் பட்டை ஒன்றை எடுத்து, அசையாத பக்கத்து உதட்டைச் சற்றுக் கீழே இழுத்துக் கட்டி வைப்பதும் உண்டு. இது அசைவு தராது. நிலை மட்டும் மாறும். அசையாத பக்கத்து உதடு உள்ளே மடங்கி மெலிந்து தெரிபவர்களுக்குச் சில இடங்களில் கொழுப்பு நிரப்புவார்கள்.

எது உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், ஒரு பக்கம் மட்டும், சிரிக்கும்போது மட்டும் தெரிகிற நம்மைப் போன்றவர்களுக்குச் சின்ன ஆபரேஷனே போதும் என்பேன். முழு முகமும் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள் கதை வேறு. அவர்களுக்குத் தசை மாற்றம் அர்த்தமுள்ளது. கீழ்ப்பல் தெரியும் சிரிப்புதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், மேடைப் பாடகர்கள், நடிப்பவர்கள், இவர்கள் டைகாஸ்ட்ரிக் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

வலிக்குமா? எத்தனை நாள் லீவு போட வேண்டும்?

எனக்கு ஊசி குத்தியதுதான் வலி, பல் டாக்டரிடம் குத்துவது போல. அப்புறம் யாரோ உதட்டைப் பிடித்து இழுப்பது போன்ற உணர்வு மட்டும். மறுநாள் உதடு வீங்கி முகவாய் வரை கன்றிப்போயிருந்தது. கடையில் உட்கார்ந்தேன், வந்தவர்கள் எல்லாம் பைக்கில் விழுந்தீர்களா என்று கேட்டார்கள். ஒரு வாரத்தில் கன்றல் போனது. முகூர்த்த சீசனில் செய்துகொள்ளாமல் ஆடி மாதத்தில் செய்தது என் தொழில் புத்தி.

சாப்பாடு ஆறிய ரசம் சாதம், இட்லி, மோர். காரம், சூடு, முறுக்கு வேண்டாம். ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது என்றார்கள். ஜிகர்தண்டாவை ஸ்பூனால் சாப்பிட்டேன், அதை யாரும் தடுக்கவில்லை. வெற்றிலை, புகையிலை, சிகரெட் போடுபவர்கள் முன்பும் பின்பும் நிறுத்தியே ஆக வேண்டும். வாய்க்குள் இருக்கும் புண் அதில் ஆறாது.

என்னென்ன தப்பாகப் போகலாம்?

உணர்ச்சி நரம்பு முக்கியமானது. கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் தொடு உணர்வு தரும் நரம்பு, கடைவாய்க்கு முன்னால் இருக்கும் பற்களுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளியே வருகிறது. எடுக்க வேண்டிய தசை அதன் மேலேயே படர்ந்திருக்கிறது. இழுபட்டாலே சில வாரம் மரத்திருக்கும். எனக்கு வலது முகவாயில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நாலு மாதம் மரத்திருந்தது, ஷேவ் செய்யும்போது கவனமாக இருப்பேன். நரம்பே அறுபட்டால் நிரந்தரமாகிவிடும்.

இரத்தம் கட்டுவது, சீழ் பிடிப்பது, உதட்டைத் தெரியாமல் கடித்துக்கொள்வது எல்லாம் உண்டு. தசை முழுதாக எடுபடாமல் இழுப்பு கொஞ்சம் திரும்புவதும் உண்டு. எனக்கே அடக்க முடியாமல் சிரித்தால் வலது ஓரம் லேசாக இறங்குகிறது. மறுபடி செய்யலாமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். அந்த அளவு கோணலை என் கேமராதான் பிடிக்கும், வேறு யாரும் பிடிப்பதில்லை.

நான் நாதஸ்வரம் வாசிப்பவன். வாசிப்பு கெடுமா?

சீவாளியைக் கவ்விப் பிடிப்பது உதட்டைச் சுற்றியிருக்கும் வட்டத் தசை, வெட்டுவது அதையல்ல. ஆனால் ஊசி மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் சில வாரம் பிடி தளரும். கச்சேரி இல்லாத மாதத்தில் முதலில் ஊசியைப் போட்டு, வாசித்துப் பாருங்கள். டாக்டரிடம் தொழிலைச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள்.

குழந்தைக்கு எந்த வயதில் செய்வது?

இதற்கு ஒரே பதில் இல்லை. தசை மாற்றம் என்றால் சொல்பேச்சு கேட்டுப் பயிற்சி செய்யும் வயது வர வேண்டும். சின்ன ஆபரேஷனைச் சில சர்ஜன்கள் பள்ளி வயதிலேயே செய்கிறார்கள். நான் சொல்வது, பிள்ளை தானாகக் கேட்கும்வரை காத்திருங்கள் என்பதுதான்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது இல்லை. நான்காம் வகுப்பில் எங்கள் வாத்தியார் ஒருவர் என்னைப் பிரம்பால் அடித்தார். அவர் திட்டியபோது எனக்கு அழுகை முட்டியது, வாய் கோணியது; நான் பழிப்புக் காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார். அடிக்க அடிக்க அழுகை கூடியது, கோணலும் கூடியது, அடியும் கூடியது. மறுநாள் அம்மா போய் விளக்கிச் சொன்ன பிறகு வாத்தியார் எனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பள்ளியில் சேர்க்கும் அன்றே வகுப்பு ஆசிரியரிடம் இரண்டு வரி சொல்லிவிடுங்கள். அதற்கு மயக்க மருந்தும் தேவையில்லை, காசும் தேவையில்லை.

பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். கல்யாணத்துக்கு முன் முடித்துவிடலாமா?

அந்தப் பெண்ணுக்கு வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டு அவளை அழைத்து வரும் குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் வேண்டும் என்றால், முகூர்த்தத்துக்கு ஆறு மாதமாவது முன்னால் செய்யுங்கள். வீக்கம் ஒரு வாரத்தில் போனாலும் மரத்துப்போனது தெளிய, உதடு தன் நிலைக்கு வர மாதங்கள் ஆகும். நேரம் இல்லையென்றால் ஊசி போதும். அதையும் நாலைந்து வாரம் முன்னதாகப் போட்டால்தான் அளவு கூடக் குறைய இருந்தால் தெரியவரும்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா என்பார்கள். சொல்லிவிடுவது நல்லது. பிறக்கும் குழந்தைக்கும் வருமா என்பதுதான் அவர்கள் மனதில் ஓடும் கேள்வி. பெரும்பாலும் வராது, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வந்து நின்றுவிடும். 22-ஆவது குரோமோசோம் குறை இருப்பவர்களுக்கு மட்டும் ஒவ்வொரு குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அவர்கள் மரபணு மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

செலவு? காப்பீட்டு அட்டையில் வருமா?

ஊசிக்கு மருந்தின் யூனிட் கணக்கில் பணம். உதட்டுக்குத் தேவைப்படுவது கொஞ்சம்தான், ஆனால் வருடத்துக்கு மூன்று முறை, வருடா வருடம் என்று கூட்டிப் பாருங்கள். ஆபரேஷன் ஒரு முறைச் செலவு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருந்தாலும், எந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கிறது என்பதைப் பொறுத்துதான் கிடைக்கும். அழகுக்காகச் செய்வது என்று எழுதினால் கிடைப்பது கடினம். இது பிறவிக் குறை என்று டாக்டர் சீட்டில் தெளிவாக எழுதச் சொல்லிவிட்டு, தேதி குறிக்கும் முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் கேளுங்கள். அட்மிட் ஆன பிறகு கேட்டால் அலைச்சல்தான். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் பிறவிக் குறை பற்றிய விதியை முதலில் படியுங்கள்.

மதுரைப் பக்கம் முதலில் எங்கே போவது? என்ன கொண்டு போவது?

குழந்தை என்றால் குழந்தை மருத்துவரிடம்தான் முதலில். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தில் 18 வயதுவரை பிறவிக் குறைகளைப் பார்த்து மேலே அனுப்புவது அவர்கள் வேலை. பிறவி இதயக் கோளாறும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெரியவர்கள் நேராகப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம், அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது. போர்டில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரி என்று கேட்டாலும் வழி காட்டுவார்கள். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து வருபவர்கள் காலையில் சீக்கிரமே வந்து சீட்டு வாங்கிவிடுவது நல்லது.

யாரிடம் போனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கீழுதட்டு ஆபரேஷனை இதற்கு முன் செய்திருக்கிறீர்களா, செய்தவர்களின் சிரிக்கும் படம் இருக்கிறதா என்று. வாய் மூடியிருக்கும் படத்தைக் காட்டினால் அதற்கு அர்த்தமே இல்லை, இந்தக் குறையில் வாய் மூடினால் எல்லோரும் அழகுதான்.

கொண்டு போக வேண்டியது வீடியோ. சும்மா இருப்பது, மெல்லச் சிரிப்பது, பல் தெரிய 'ஈ' சொல்வது, 'ஊ' என்று குவிப்பது, வாய்விட்டுச் சிரிப்பது, ஐந்தும் வெளிச்சம் நேரே விழும்படி, முகத்துக்கு எதிரே கேமராவை வைத்து எடுங்கள். கூடவே சின்ன வயதில் அழுத படம் இருந்தால் தங்கம் மாதிரி. பிறவியிலிருந்தே இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வீடு காதுகுத்து வீடியோ இருக்கிறது. பாண்டி கோவிலில் நடந்த என் காதுகுத்து கேசட்டை நானே பென் டிரைவில் மாற்றி எடுத்துப் போனேன். டாக்டருக்குத் தேவைப்பட்டது நான் வீறிட்ட அந்தச் சில நொடிகள்தான். மனிதர் நிறுத்தவில்லை. கறிச்சோற்றுப் பந்தி, மைக்கில் மொய் வாசிப்பது வரை ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, "உங்க தாய்மாமா எவ்வளவு செஞ்சார்னு கடைசிவரை சொல்லவே இல்லையே" என்றார்.